மலைமேல் ஒரு சர்வர்: பிளாக் அளவில் பேக்கப் எடுப்பதும் மீட்பதும் – முழுமையான வழிகாட்டி

நவம்பர் மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் இருக்கும் ஒரு தேயிலை பேக்டரியிலிருந்து காலை ஆறரைக்கு போன். "அண்ணா, சர்வர் ஆன் ஆகுது. ஆனா கருப்பு ஸ்கிரீன்ல ஒரு கோடு மட்டும் மினுக்கிட்டே இருக்கு." ராத்திரி கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது டிஸ்க் அடிவாங்கியிருக்கிறது. மறுநாள் சிறு விவசாயிகளுக்கு இலைப் பணம் போட வேண்டும். பேக்கப் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில், முதலாளியின் மருமகன் வீட்டு பீரோவில். பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு மூடியிருந்தது. எல்லா வண்டியும் கோத்தகிரி ரோட்டுக்குத் திரும்பிவிட்டதால் அங்கே ஊர்ந்துதான் வர முடிந்தது. டிஸ்க் மேலே வந்து சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. ரீஸ்டோர் ஓடி முடிக்க எடுத்துக்கொண்ட நேரமோ 1 மணி 40 நிமிடம்தான்.

அன்றிலிருந்து யார் பேக்கப் அமைக்கக் கூப்பிட்டாலும் கடைசிப் படியில்தான் ஆரம்பிக்கிறேன். சர்வர் விழுந்த நாளில் டிஸ்க் எங்கே இருக்கும், அதை எந்த மெஷினில் மாட்டுவோம், மாட்டப்போவது யார்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் சாஃப்ட்வேர் பேச்சு. ஒன்றிரண்டு சர்வர் வைத்துக்கொண்டு, தனியாக ஐ.டி. ஆள் இல்லாமல் ஓடும் பேக்டரி, லாட்ஜ், கிளினிக், கூட்டுறவுச் சங்கம் போன்ற இடங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

பிளாக் அளவு என்றால் என்ன

சாதாரண பேக்கப் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து காப்பி எடுக்கும். பிளாக் அளவு பேக்கப்புக்கு ஃபைல் பெயரே தேவையில்லை. டிஸ்க்கை நம்பர் போட்ட பெட்டிகளின் வரிசையாகப் பார்த்து, பெட்டிக்குள் இருப்பதை அப்படியே எடுத்து வைக்கும். அப்படி எடுத்த பிரதிக்கு "இமேஜ்" என்று பெயர். விண்டோஸ் டிஸ்க்கை அடுக்கி வைக்கும் என்.டி.எஃப்.எஸ். முறையில் ஒரு பெட்டி பொதுவாக 4 கேபி.

இதனால் என்ன லாபம்? இலைக் கணக்கு டேட்டாபேஸ் 40 ஜிபி இருக்கிறது, இன்று அதில் மாறியது 200 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைல் பேக்கப்புக்கு அது "மாறிய ஒரு ஃபைல்". 40 ஜிபியையும் மறுபடி தூக்கும். பிளாக் பேக்கப் மாறிய பெட்டிகளை மட்டும் எடுக்கும். முதல் சுற்றில் தோட்டம் முழுக்கப் பறித்துவிட்டு, அடுத்த சுற்றில் புதிதாகக் கொழுந்து விட்ட செடிக்கு மட்டும் போவது போல. எந்தச் செடி கொழுந்து விட்டது என்று தெரிய ஒரு வரைபடம் வேண்டுமே. ஒவ்வொரு பெட்டிக்கும் "மாறியது, மாறவில்லை" என்று குறித்துக்கொண்டே வரும் அந்த வரைபடத்தைத்தான் சேஞ்சுடு பிளாக் டிராக்கிங் என்கிறார்கள். ஒரே மெஷினில் பல சர்வர்களை ஓட்டும் சாஃப்ட்வேர்களான விஎம்வேரில் 2009-ல் வந்த விஸ்பியர் 4 முதலும், ஹைப்பர்-வியில் விண்டோஸ் சர்வர் 2016 முதலும் இது உள்ளேயே இருக்கிறது.

நம் ஊருக்கு ஒரு குறிப்பு: சர்வர் முறையாக ஷட் டவுன் ஆகாமல் கரண்ட் போனால், பல டூல்கள் அந்த வரைபடத்தை நம்பாது. மறுநாள் டிஸ்க் முழுவதையும் படித்து ஒப்பிடும். இருபது நிமிடத்தில் முடிகிற பேக்கப் அன்றைக்கு மூன்று மணி நேரம் ஓடினால் பதறி நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொரு லாபம், பூட் பார்ட்டிஷன், பர்மிஷன், இன்ஸ்டால் செய்த சாஃப்ட்வேர் எல்லாமே சேர்ந்து வந்துவிடுகிறது. விண்டோஸ் போட்டு, அப்டேட் போட்டு, சாஃப்ட்வேர்காரரைக் கூப்பிட்டு உட்கார வேண்டியதில்லை. குறையும் உண்டு. வைரஸ் இருந்தால் அதையும் அதே விசுவாசத்தோடு காப்பி எடுக்கும். ஆகவே டேட்டாபேஸின் சொந்த பேக்கப்பையும் தினம் ஒன்று தனியாக எடுத்து வையுங்கள். ஒரே ஒரு டேபிளை மட்டும் மீட்க வேண்டிய நாளில் அதுதான் கைகொடுக்கும்.

படி 1: காகிதத்தில் இரண்டு கேள்வி

முதலாளியை எதிரில் உட்கார வைத்துக் கேளுங்கள். எத்தனை மணி நேரத்து என்ட்ரி போனால் மறுபடி கையால் போட்டுக்கொள்வீர்கள்? எத்தனை மணி நேரம் சர்வர் இல்லாமல் ஓட்டுவீர்கள்? முதல் பதிலில் இருந்து எத்தனை முறை பேக்கப் என்பது வரும். இரண்டாவது பதிலில் இருந்து டிஸ்க்கை எங்கே வைப்பது என்பது வரும். எல்லோரும் முதலில் "ஒரு நிமிஷம்கூடப் போகக் கூடாது" என்றுதான் சொல்வார்கள். விலையைச் சொன்னதும் நியாயமான பதில் வரும். என் அனுபவத்தில், இலை எடை சீட்டு காகிதத்திலும் இருக்கும் பேக்டரிக்கு நான்கு மணி நேரம் சரி. இரவெல்லாம் செக்-இன் நடக்கும் லாட்ஜுக்கு ஒரு மணி நேரம்.

படி 2: சர்வரின் ஜாதகம்

ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: டிஸ்க் எத்தனை, ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ஏற்பாடு) எந்த வகை, ரெய்டு கார்டின் மாடல், பூட் ஆகும் (மெஷின் எழும்) முறை புது யு.இ.எஃப்.ஐ.யா பழைய பயாஸா, பார்ட்டிஷன்களின் அளவு, ஐ.பி. முகவரி, லைசென்ஸ் கீ, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் ரெக்கவரி கீ. பிட்லாக்கர் கீயை அதே சர்வரின் டெஸ்க்டாப்பில் நோட்பேடில் சேமித்து வைத்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன். பூட்டிய பீரோவுக்குள்ளேயே சாவி. காகிதத்தில் அச்செடுத்து லாக்கரில் வையுங்கள்.

ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ரெய்டு ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். தவறுதலாக அழித்ததை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழித்துத் தரும்.

படி 3: ஓடும் டேட்டாபேஸை அசையாமல் நிற்க வைப்பது

இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். டிஸ்க்கை மேலிருந்து கீழ் வரை படித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் டேட்டாபேஸ் மாறிக்கொண்டே இருக்கும். முன்பாதி பத்து மணி நிலையும் பின்பாதி பதினொரு மணி நிலையுமாக ஒரு இமேஜ் வந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதனால் முதலில் அந்த நொடியின் நிலையை அப்படியே பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட், அப்புறம் காப்பி.

விண்டோஸில் இந்த வேலையைச் செய்வது வால்யூம் ஷேடோ காப்பி, சுருக்கமாக வி.எஸ்.எஸ். சர்வர் 2003 காலத்திலிருந்து இருக்கிறது. இதில் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் ஒரு "ரைட்டர்" உண்டு. நம் எஸ்டேட் ஆபீஸ் ரைட்டரை நினைத்துக்கொண்டால் தப்பில்லை. வேலை ஏறக்குறைய அதேதான். "கணக்கு எடுக்க வர்றாங்க" என்றதும் எழுதிக்கொண்டிருந்ததை முடித்து, பேரேட்டை மூடி ஓரமாக வைப்பவர். அப்ளிகேஷன் அதிகபட்சம் 60 விநாடிதான் இப்படிக் காத்திருக்கும். அதற்குள் டிஸ்க்கில் எழுதுவதை நிறுத்திப் பிடிக்கும் நேரம் 10 விநாடிக்கு மேல் போகாது. டிஸ்க் மந்தமாக இருந்தால் இந்தக் கெடுவைத் தாண்டி ரைட்டர் தோற்றுப்போகும். டூலோ, ரைட்டர் இல்லாமலே ஒரு இமேஜை எடுத்துவிட்டுப் பச்சை டிக் போட்டுவிடக்கூடும். கரண்ட் பிடுங்கிய நொடியில் டிஸ்க் எப்படி இருக்குமோ அப்படிப்பட்ட இமேஜ் அது. பெரும்பாலும் எழுந்துவிடும், எழாமலும் போகலாம்.

சரி, எப்படிப் பார்ப்பது? அட்மினிஸ்ட்ரேட்டராக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, வி.எஸ்.எஸ்.அட்மின் கட்டளையில் ரைட்டர்களின் பட்டியலைக் கேளுங்கள். எல்லாமே "ஸ்டேபிள்", "நோ எரர்" என்று வர வேண்டும். எஸ்.க்யூ.எல். சர்வர் இருக்கும் மெஷினில் அதன் ரைட்டர் பட்டியலிலேயே இல்லையென்றால், சர்வீசஸில் போய் எஸ்.க்யூ.எல். சர்வர் வி.எஸ்.எஸ். ரைட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள்.

லினக்ஸில் டிஸ்க் இடத்தை வால்யூம்களாகப் பங்கிடும் எல்.வி.எம். மூலம் ஸ்னாப்ஷாட். வால்யூம் குரூப்பில் 15-20 சதவீதம் காலியாக விடுங்கள். ஸ்னாப்ஷாட் எடுத்து, காப்பி முடிந்ததும் உடனே அழித்துவிட வேண்டும். மறந்துவிட்டால் அதன் இடம் நிரம்பி அது செல்லாமல் போகும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டேட்டாவும் அதன் டிரான்ஸாக்‌ஷன் லாகும் ஒரே வால்யூமில் இருந்தால் ஸ்னாப்ஷாட்டிலிருந்து தானே சரிசெய்துகொண்டு எழும். இரண்டும் வெவ்வேறு வால்யூமில், வெவ்வேறு நொடியில் எடுத்த ஸ்னாப்ஷாட் என்றால் அந்த உத்தரவாதம் போய்விடும்.

படி 4: டூல்

விண்டோஸ் சர்வர் பேக்கப் காசில்லாமல் வருகிறது. ஃபீச்சராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒரு சர்வர் இருக்கும் இடத்துக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. ஆனால் அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். தனி டிஸ்க் ஒன்றை அதற்கே ஒதுக்கிக் கொடுத்தால் அதை ஃபார்மேட் செய்து, எக்ஸ்ப்ளோரரில் தெரியாமல் மறைத்து, பல நாட்களின் பதிப்புகளை வைத்துக்கொள்ளும். நெட்வொர்க் ஷேருக்கு அனுப்பினால் கடைசிப் பதிப்பு ஒன்றுதான் தங்கும், புதியது பழையதன்மேல் எழுதும். நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டியான என்.ஏ.எஸ். வாங்கி ஷேர் போட்டுவிட்டு ஒரு மாதத்துக் கதை உள்ளே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இன்றே திறந்து பார்க்கவும். அப்புறம், பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்கில் மாற்றாவிட்டால் ஒவ்வொரு முறையும் வால்யூம் முழுவதையும் படிக்கும். "ஃபாஸ்டர்" என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் மாற்றங்களைப் பின்தொடரும். அதற்குப் பதிலாக டிஸ்க்கில் எழுதும் வேகம் கொஞ்சம் குறையும்.

விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரே மெஷினுக்குள் சாஃப்ட்வேராக ஓடும் சர்வர்கள்) என்றால் வீயம், பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் போன்றவை வசதி. குளோன்சில்லா நல்ல டூல்தான், ஆனால் சர்வரை நிறுத்திவிட்டு எடுப்பது. பெரிய அப்டேட்டுக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஒரு இமேஜ் எடுக்க அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

படி 5: எத்தனை முறை, எவ்வளவு இடம்

முதலில் ஒரு முழு இமேஜ், பிறகு மாற்றங்கள் மட்டும். மாற்றங்களின் சங்கிலியில் நடுவில் ஒன்று கெட்டால் அதற்குப் பின்னால் வந்தவை எல்லாம் வீண். அதனால் வாரம் ஒரு முழு இமேஜ்.

கணக்கு இப்படி. பயன்பாட்டில் 400 ஜிபி, தினம் மாறுவது 6 ஜிபி. நான்கு வாரம் வைக்க 4 முழு இமேஜுக்கு 1,600, மீதி 24 நாளுக்கு 144, ஆக 1,744 ஜிபி. 2 டிபி டிஸ்க்கில் விண்டோஸ் காட்டுவதே சுமார் 1,860 ஜிபிதான். மூச்சுவிட இடமில்லை. 4 டிபி வாங்குங்கள். தினம் எவ்வளவு மாறுகிறது என்பதை யூகிக்க வேண்டாம். ஒரு வாரம் ஓடவிட்டு மாற்ற ஃபைல்களின் அளவைப் பாருங்கள்.

மாற்றம் திடீரென்று 6-லிருந்து 150 ஜிபிக்கு ஏறினால் என்ன அர்த்தம்? பெரும்பாலும் சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக்கை யாரோ போட்டிருப்பார்கள். டேட்டாவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனால் பெட்டி மாறிவிட்டது. பிளாக் பேக்கப்புக்கு அது புதுசு. டேட்டாபேஸ் இண்டெக்ஸைத் திரும்பக் கட்டுவதும், டேட்டாபேஸின் தனி பேக்கப்பை அதே டிரைவில் போடுவதும் இதே வேலையைச் செய்யும். தனி பேக்கப்பை வேறு டிரைவுக்குத் திருப்பி, அதை இமேஜிலிருந்து விலக்கி, வெளி டிஸ்க்குக்குத் தனியாக அனுப்புங்கள். இது எதுவும் இல்லாமல் மாற்றம் ஏறினால் பணம் பறிக்கும் வைரஸான ரான்சம்வேர் ஃபைல்களைப் பூட்டிக்கொண்டிருக்கலாம். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு விசாரியுங்கள்.

படி 6: எங்கே வைப்பது

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 விதி எல்லோரும் அறிந்தது. 2021 மார்ச் 10-ல் ஸ்ட்ராஸ்பூரில் ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த பலருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

மலையில் இந்த விதிக்கு ஒரு திருத்தம் வேண்டும். வெளியிடம் என்றால் இரண்டு வெளியிடம். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வாரத்தில் கோயம்புத்தூரில் இருக்கும் டிஸ்க், இருந்தும் இல்லாததுதான். ஆகவே ஒரு பிரதி சர்வர் பக்கத்திலேயே. இன்னொன்று மலைக்குள்ளேயே வேறொரு கட்டடத்தில், நடந்தோ பைக்கிலோ போய் எடுக்கும் தூரத்தில். பேக்டரிக்கும் முதலாளி வீட்டுக்கும் நடுவில் சரியும் மேடு எதுவும் இல்லை என்றால் வீடே போதும். மூன்றாவது சமவெளியில் அல்லது கிளவுடில்.

டிஸ்க்கைக் கீழே கொண்டுபோகும்போது ஒரு விஷயம். ஜனவரி காலையில் ஊட்டிக் குளிரில் இருந்த டிஸ்க்கை மேட்டுப்பாளையத்து ஈரக் காற்றில் உடனே மாட்டினால், கண்ணாடி டம்ளரில் வேர்ப்பது போல அதன்மேலும் உள்ளே சர்க்யூட்டிலும் நீர் கட்டும். ஜிப் கவரில் சிலிகா ஜெல்லோடு போட்டு, போன இடத்தில் கவரைத் திறக்காமல் மூன்று நான்கு மணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் மாட்டுங்கள். பேக்டரிக்குள் தேயிலைத் தூசியும் சேரும். டிரையர் பக்கத்து அறையில் டிஸ்க்கை வைக்கவே வேண்டாம்.

கிளவுட் என்றால் அப்லோட் வேகத்தைக் கணக்குப் போடுங்கள். 10 எம்பிபிஎஸ் என்பது மணிக்கு 4.5 ஜிபி. தினசரி 6 ஜிபி ஒரு மணி 20 நிமிடத்தில் போய்விடும். முதல் 400 ஜிபிக்கு இரவு பகலாக 89 மணி நேரம். நடுவில் ஃபைபர் அறுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் இமேஜை டிஸ்க்கில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் வேகமான லைனில் ஏற்றிவிட்டு, மாற்றங்களை மட்டும் இங்கிருந்து அனுப்புவதே புத்திசாலித்தனம். கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் இதையும் கவனிக்கவும்: 2022 ஆகஸ்டில் திருத்திய கணக்கு விதிகளின்படி, மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் சேர வேண்டும். கிளவுடில் கணக்குத் திறக்கும்போது மும்பை, ஹைதராபாத் என்று இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

படி 7: ரான்சம்வேர் கைக்கு எட்டாமல்

எப்போதும் செருகியே இருக்கும் யு.எஸ்.பி. டிஸ்க் சர்வரோடு சேர்ந்தே பூட்டப்படும். ஷேடோ காப்பிகளை முதலில் அழித்துவிட்டுத்தான் ரான்சம்வேர்கள் வேலையை ஆரம்பிப்பது வழக்கம். இரண்டு டிஸ்க் வாங்கி வாரம் மாற்றி வாரம் மாட்டுங்கள். கழற்றியது அந்த இரண்டாவது கட்டடத்துக்குப் போகட்டும். பேக்கப் இருக்கும் என்.ஏ.எஸ்.ஸுக்குத் தனி யூசர், தனி பாஸ்வேர்டு. ஆபீஸ் நெட்வொர்க் முழுவதையும் ஆளும் டொமைன் அட்மின் பாஸ்வேர்டில் அது திறக்கக் கூடாது. கிளவுடில் குறிப்பிட்ட நாள் வரை யாராலும் அழிக்க முடியாத ஆப்ஜெக்ட் லாக் வசதி இருந்தால் போடுங்கள். தாக்குதல் நடந்துவிட்டால், 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வெளியான உத்தரவு.

படி 8: மீட்பது

ஒரு ஃபைல் மட்டும் போயிருந்தால் இமேஜை டிரைவாக மவுண்ட் செய்து எடுத்துக்கொள்ளலாம், பெரிய வேலை இல்லை. சர்வரே விழுந்தால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. பழைய டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி ஓரமாக வையுங்கள். ஃபார்மேட் செய்து "சரியாகிறதா" என்று பார்க்கக் கூடாது. கடைசி பேக்கப்புக்குப் பிறகு போட்ட என்ட்ரி அதில்தான் இருக்கிறது. டிஸ்க் கரகரவென்று சத்தம் போடாமல், ஆங்காங்கே மட்டும் படிக்க மறுத்தால், டிடிரெஸ்க்யூ என்ற டூல் மூலம் வேறு டிஸ்க்குக்கு இமேஜ் எடுத்து அதில் தேடலாம். சத்தம் போட்டால் கரண்ட் கொடுக்கவே வேண்டாம்.

2. புது டிஸ்க் பழையதன் அளவாவது இருக்க வேண்டும். விண்டோஸ் சர்வர் பேக்கப், பாதி காலியாக இருந்த 1 டிபி டிஸ்க்கின் இமேஜைக்கூட 500 ஜிபி டிஸ்க்கில் இறக்க மறுக்கும்.

3. பேக்கப் டிஸ்க்கை மாட்டுவதற்கு முன்னால், முடிந்தால் இன்னொரு பிரதி எடுங்கள். பதற்றத்தில் மூலத்தையும் இலக்கையும் மாற்றித் தேர்ந்தெடுப்பது நடக்கிற காரியம்தான்.

4. இன்ஸ்டாலேஷன் பென்டிரைவில் பூட் செய்து, ரிப்பேர், டிரபிள்ஷூட், சிஸ்டம் இமேஜ் ரெக்கவரி என்று போங்கள். பழைய சர்வர் யு.இ.எஃப்.ஐ. என்றால் பென்டிரைவும் யு.இ.எஃப்.ஐ.யாகவே பூட் ஆக வேண்டும். இல்லாவிட்டால் இமேஜ் இறங்காது, இறங்கினாலும் எழாது.

5. "டிஸ்க் இல்லை" என்று சொன்னால் ரெய்டு கார்டின் டிரைவர் வேண்டும். ஆரம்பத்தில் சொன்ன செவ்வாய்க்கிழமை, டிஸ்க் வந்து சேர்ந்த பிறகும் நாங்கள் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டது இதில்தான். மழையில் நெட்டும் இல்லை. பேக்டரி வாசலில் சிக்னல் வரும் ஒரே திண்டில் குடை பிடித்து நின்று, போனில் டிரைவரை இறக்கினேன். இப்போதெல்லாம் அந்த டிரைவரை பூட் பென்டிரைவிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்கிறேன்.

6. இமேஜ் கண்ணில் படவில்லை என்றால் ஃபோல்டர் பெயரைப் பாருங்கள். "விண்டோஸ்இமேஜ்பேக்கப்" என்ற பெயரில், டிரைவின் மேல்மட்டத்தில் அது இருக்க வேண்டும். காப்பி எடுத்துவைத்தவர் ஒழுங்காக இருக்கட்டும் என்று பெயரோடு தேதியைச் சேர்த்திருப்பார்.

7. எழுந்ததும் நெட்வொர்க் கேபிளை உடனே மாட்டாதீர்கள். தேதி, நேரம் பாருங்கள். வேறு மெஷின் என்றால் நெட்வொர்க் கார்டு புதிதாகத் தெரியும், பழைய நிலையான ஐ.பி. ஒட்டாது. அதைக் கையால் போட வேண்டும். டேட்டாபேஸைத் திறந்து கடைசி என்ட்ரியின் நேரத்தைக் குறித்துக்கொண்ட பிறகு கேபிள். எல்லா மெஷினின் லாகினையும் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் என்றால், பொதுவாக 180 நாளுக்கு மேல் பழைய இமேஜை இறக்கக் கூடாது.

படி 9: ஒத்திகை

2017 ஜனவரி 31-ல், புரோகிராம் கோடுகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்புக்கும் ரெப்ளிகேஷனுக்கும் (இன்னொரு சர்வரில் உடனுக்குடன் பிரதி வைப்பது) ஐந்து ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் சரியாகக் கைகொடுக்கவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்னால் எடுத்த எல்.வி.எம். ஸ்னாப்ஷாட் ஒன்றுதான் காப்பாற்றியது. பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்பதால் இதை எல்லோரிடமும் சொல்வேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சீசன் கூட்டம் இல்லாத ஒரு நாளில், 32 ஜிபி ரேம் உள்ள ஒரு டெஸ்க்டாப்பில் இமேஜை விர்ச்சுவல் மெஷினாக இறக்கிப் பாருங்கள். விண்டோஸ் 11 ப்ரோவில் ஹைப்பர்-வி உள்ளேயே இருக்கிறது. நெட்வொர்க்கை மட்டும் துண்டித்து வையுங்கள். இல்லையென்றால் ஒரே பெயரில் இரண்டு சர்வர் எழுந்து சண்டை போடும். இதை நீங்கள் செய்யாமல், ஆபீஸில் இருக்கும் கணக்காளரைச் செய்ய வைத்து, பக்கத்தில் வாய் மூடி உட்காருங்கள். அவர் எங்கே நிற்கிறார், எந்த ஸ்கிரீனில் உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்பதைக் குறித்து, அந்த இடத்தைப் போட்டோ எடுத்துச் செய்முறைத் தாளில் ஒட்டுங்கள். ரோடு மூடிய நாளில் நீங்கள் வரப்போவதில்லை, அந்தத் தாள்தான் இருக்கும்.

ஒத்திகையில் ஆன நேரத்தை அதே தாளில் எழுதுங்கள்: டிஸ்க்கை எடுத்து வர எத்தனை நிமிடம், பூட் ஆக எத்தனை, இமேஜ் இறங்க எத்தனை. அந்த பேக்டரியின் தாளில் இப்போது முதல் வரி "ரைட்டர் வீட்டிலிருந்து டிஸ்க்: 12 நிமிடம், காட்டெருமை வழியில் நின்றால் 25."

நிஜமாகவே ரீஸ்டோர் செய்த நாள் என்றால், அன்று இரவே புது முழு இமேஜ் ஒன்றை எடுத்துவிடுங்கள். பழைய சங்கிலி அங்கே அறுந்துவிட்டது. கழற்றி வைத்த பழைய டிஸ்க்கை ஒரு மாதம் தூக்கிப் போடாதீர்கள். மாதக் கடைசியில் இலைக் கணக்கு நேர் செய்யும்போது, "அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் போட்ட நாலு சீட்டு எங்கே சார்?" என்று ஒருவர் வந்து நிற்பார்.